நாய்க்கும் ஒரு கல்

செங்கம், ஜவ்வாது மலைப் பக்கம் போனால் வழியில் நடுகல், நடுகல் என்று காட்டுகிறார்களே, அது அந்தக் காலத்து மைல்கல்லா?

மைல்கல், ஊர் எவ்வளவு தூரம் என்று சொல்லும். நடுகல், ஊருக்காக ஒருவன் எவ்வளவு தூரம் போனான் என்று சொல்லும். பெரும்பாலும் மாடு மீட்கப் போய்ச் செத்தவன். ஆயுதத்தோடு ஓர் உருவம், மேலே வட்டெழுத்தில் சில வரி: எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எந்தச் சண்டை. நம் வீட்டுப் பத்திரத்தில்கூட விவரம் இவ்வளவு தெளிவாக இருக்காது!

கல் மனிதனுக்கு மட்டும்தானா?

எடுத்தனூர்க் கல்லைப் பாருங்கள். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு. மாட்டுச் சண்டையில் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துவிட்டுக் காத்து நின்றதாம். பெயர் கோவிவன். ஆமாம் சார், அரசன் பெயர் இருக்கும் அதே கல்லில் நாயின் பெயரும்! எங்கள் தெரு நாய்க்கு இதைச் சொன்னேன். கொட்டாவி விட்டது.

ஊர்க்காரர்கள் இதையெல்லாம் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்களே, வரலாறு தெரியாமல்?

கும்பிட்டதால்தான் கல் பிழைத்தது. வெறும் பழங்கல் என்று விட்டிருந்தால் எப்போதோ துணி துவைக்கப் போயிருக்கும். என்ன, எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் அப்பி எழுத்து தெரியாது. படியெடுக்கப் போகிறவர் முதலில் கல்லைக் கழுவ வேண்டும். அதற்கும் முன்னால் பூசாரியிடம் உத்தரவு கேட்க வேண்டும்.