பதினோராம் வாயு: கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளில் கம்ப்ரசர் தேர்வு பற்றிய ஓர் ஆராய்ச்சி

சித்த மருத்துவ நூல்கள் உடலில் இயங்கும் காற்றைப் பிராணன் முதல் தனஞ்சயன் ஈறாகப் பத்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் இருப்பிடமும் தொழிலும் வகுத்துள்ளன. எனினும், கார் நிறுத்தும் முகப்பில் இரும்புத் தொட்டிக்குள் அடைபட்டுக் கிடந்து, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கலைக்கும் பதினோராம் வாயுவைப் பற்றி அவை மௌனம் சாதிக்கின்றன. இதை நூலாசிரியர்களின் குறையாகக் கொள்ளுதல் ஆகாது; அவர்கள் காலத்தில் பெரோடுவா மைவி இல்லை. 1985இல் புரோட்டோன் சாகாவும், 1994இல் பெரோடுவா கஞ்சிலும், 2005இல் மைவியும் சாலைக்கு வந்து, நடுத்தர வருமானமுள்ள வீடுகளின் முகப்பிலும் ஒரு கார் நிற்கும் நிலை உருவான பின்னரே, அந்தக் காரைப் பட்டறைக்குக் கொண்டு செல்லாமல் தானே பழுது பார்த்துவிட முடியும் என்னும் நம்பிக்கை பரவலாயிற்று. அந்நம்பிக்கையின் முதல் அறிகுறி ஸ்பேனர் பெட்டி. முற்றிய அறிகுறி கம்ப்ரசர். குறைந்த செலவில் அதைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கம்ப்ரசர் எனப்படுவது, மின்மோட்டாரால் மேலும் கீழும் இயங்கும் பிஸ்டன் ஒன்று வெளிக்காற்றை உருளைக்குள் இழுத்து, நெருக்கி, ஒருவழிக் கதவின் ஊடாகத் தொட்டிக்குள் தள்ளும் கருவியாகும். அளவு குறையக் குறைய அழுத்தம் கூடும் என்னும் விதியை ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்டார். அவருக்கு முன்பே ஜெர்மனியின் மாக்டபர்க் நகரத் தலைவர் ஓட்டோ வான் கெரிக்கே காற்றை வெளியேற்றும் பம்பு ஒன்றை உருவாக்கி, உள்ளே வெற்றிடமாக்கப்பட்ட இரு அரைக்கோளங்களைக் குதிரைகளைக் கட்டி இழுத்தும் பிரிக்க முடியாது என்று காட்டியிருந்தார். ஆக, இவ்விருவரை மட்டும் வைத்துப் பார்த்தால், மனித இனம் காற்றை வெளியேற்றிக் காட்டுவதில்தான் முதலில் பெருமை கொண்டது. அடைத்து வைத்துப் பயன்கொள்ளும் ஆசை பின்னர் வந்தது.

இத்துறை ஆய்வாளர் எவரும் கடந்து செல்லக் கூடாத ஆண்டு 1888. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காக ஆக்கிய காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றது அவ்வாண்டில்தான். ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராகப் பொறுப்பேற்று, ரப்பர் நடுங்கள் என்று தோட்டத் துரைமாரை நச்சரிக்கத் தொடங்கியதும் அவ்வாண்டில்தான். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக நோக்கில் ரப்பர் நட்டார். பிறகு மேற்குக் கரையோரம் முழுதும் பால்மரம் ஆயிற்று. டன்லப்பின் பெயர் தாங்கிய நிறுவனமே மலாயாவில் தோட்டங்களை வாங்கிற்று. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் விடியுமுன் பால் வெட்டினார்கள். அந்தப் பால் கடல் கடந்து டயராகிற்று. கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்கள் பல பிற்காலத்தில் செம்பனைக்கு மாறி, அதன்பின் தாமான்களாக, அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்புகளாக ஆயின. பாட்டன் பால் வெட்டிய நிலத்தில் எழுந்த வீட்டின் முன்னே நின்று, அந்தப் பாலின் வழிவந்த டயருக்குப் பேரன் விலை கொடுத்துக் காற்றடைக்கிறான் என்பதைப் பொருளியல் வரலாற்றாசிரியர்கள் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை.

இனித் தேர்வு முறைக்கு வருவோமாயின், இரு பெரும் மதங்கள் எதிர்ப்படுகின்றன. ஒன்று தொட்டிவாதம்: தொட்டி பெரிதாயின் கம்ப்ரசர் சிறந்தது என்பது. மற்றொன்று குதிரைவாதம்: மோட்டாரின் குதிரைத்திறன் கூடுதலாயின் சிறந்தது என்பது. முன்னதைக் கண்ணால் காணலாம், பின்னதை ஒட்டுத்தாளில் படிக்கலாம் என்பதால், இரண்டுக்கும் கடைகளிலும் இணைய வணிகத் தளங்களிலும் ஆதரவாளர் மிகுதி.

தொட்டிவாதத்தை மறுப்பதற்குச் சிலாங்கூர்வாசிகளுக்கு வேறு எவரையும் விடத் தகுதி உண்டு. குழாய்நீர்த் தடை அறிவிப்பு வந்தவுடன், கூரைக்கடியில் உள்ள தொட்டி எத்தனை பேரின் குளியலைத் தாங்கும் என்று கணக்கிடப் பழகியவர்கள் அவர்கள். தொட்டி பெரிதாக இருந்தால் தடையின் முதல் நாள் சுகமாகக் கழியும். குழாயில் வருவது நூல்போன்ற நீராயின், காலியான பெருந்தொட்டி நிறைய அதற்கேற்ற நேரமும் பிடிக்கும். காற்றுத் தொட்டியும் அவ்வாறே: அது சேமிப்பிடமே அன்றி ஊற்று அன்று. சக்கர நட்டுகளைக் கழற்றும் அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்ச், விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை நிமிடத்துக்குச் சுமார் 500 லிட்டர் காற்றை விழுங்க வல்லது. 25 லிட்டர்த் தொட்டியில் 8 பார் அழுத்தம் இருந்து, 6 பாருக்குக் கீழே ரெஞ்ச் தளர்ந்துவிடும் என்று கொண்டால் (பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்), பயன்படும் காற்று 50 லிட்டர். அது ஆறு விநாடிக்குத் தீரும். 50 லிட்டர்த் தொட்டி வாங்கியவர் பன்னிரண்டு விநாடி ஆள்வார். கூடுதலாகக் கொடுத்த பணத்துக்குக் கிடைத்த ராஜ்ஜியம் ஆறு விநாடி என்க.

குதிரைவாதத்தை மறுக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, சுவரில் உள்ள மூன்று துளைச் செருகி போதும். மலேசிய வீடுகளின் வழக்கமான செருகி 13 ஆம்பியருக்கு உட்பட்டது. 230 வோல்ட்டில் அது தரக்கூடியது ஏறத்தாழ 3,000 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். மோட்டார் வாங்கும் மின்சாரத்தில் நாலில் ஒரு பங்காவது சூடாகவும் இரைச்சலாகவும் போய்விடும். எனவே சாதாரணச் செருகியோடு விற்கப்படும் கருவி 3 குதிரைத்திறனுக்கு மேல் உடையது என்று ஒட்டுத்தாள் கூறுமாயின், அந்த மிகுதிக் குதிரைகள் மாக்டபர்க்கில் கட்டப்பட்டிருந்தவையாக இருத்தல் வேண்டும். மேலும், மோட்டார் தொடங்கும் கணத்தில் இயல்பைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும் ஆதலால், மெல்லிய நீட்டிப்பு வயரில் மாட்டினால் மின்னழுத்தம் சரிந்து, மோட்டார் சுழலாமல் உறுமி, சுருள் கருகக் கூடும். காருக்கும் செருகிக்கும் தொலைவு இருப்பின் வயரை நீட்டாமல் காற்றுக் குழாயை நீட்டுவதே முறை.

அவ்வாறாயின் எதைப் பார்ப்பது? வெளியேறும் காற்றின் அளவை, அதாவது குறிப்பிட்ட அழுத்தத்தில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் அல்லது எத்தனை கன அடி தருகிறது என்பதைப் பார்த்தல் வேண்டும்; ஒரு கன அடி 28 லிட்டருக்குச் சற்று மேல். இங்கும் ஓர் இடைச்செருகல் உண்டு. பல ஒட்டுத்தாள்களில் காணப்படுவது பிஸ்டன் விழுங்கும் அளவே அன்றி, குழாய் முனையில் வெளிவரும் அளவு அன்று. பிஸ்டனின் உச்சியில் எப்போதும் சிறிது அழுத்தக் காற்று தள்ளப்படாமல் தங்கி, பிஸ்டன் இறங்கும்போது மீண்டும் விரிந்து புதுக்காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வளையங்களின் ஓரமாகக் கொஞ்சம் கசிகிறது. சூடேறிய உருளைக்குள் நுழையும் காற்றும் சூடேறி அடர்த்தி குறைகிறது. ஆகவே அச்சிட்ட எண்ணில் மூன்றில் இரண்டு பங்கை நம்புவது விவேகம். சூடு என்றது மிகைக்கூற்று அன்று: 30 டிகிரிக் காற்றை வெப்பம் வெளியேறவிடாமல் ஒரே மூச்சில் 8 பாருக்கு நெருக்கினால், கணக்கின்படி அது 290 டிகிரியைத் தாண்டும். எண்ணெய் இல்லாத மலிவுக் கருவிகள் தொடர்ந்து ஓடினால் தேய்ந்து போவதற்கும், பாதி நேரம் ஓய்வு கொடுங்கள் என்று கையேடுகள் கெஞ்சுவதற்கும் காரணம் இதுவே.

இப்போது தேவையின் பக்கம் திரும்பினால், ஆய்வு சங்கடமான இடத்தை அடைகிறது. மைவி போன்ற சிறு காரின் டயருக்குள் இருக்கும் இடம் சுமார் 25 லிட்டர். 28 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிய டயரை 32க்கு ஏற்ற, வெளிக்காற்றில் ஏழு லிட்டர் போதும். நாலு டயருக்கும் சேர்த்து இருபத்தெட்டு. இதை, காரின் 12 வோல்ட் முனையில் மாட்டும், உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிதான, நூறு வெள்ளிக்குள் கிடைக்கும் சிறு பம்பே சில நிமிடங்களில் முடித்துவிடும். சக்கர நட்டுக்கு வேண்டிய முறுக்குவிசையோ சுமார் 100 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் இருபது கிலோ எடையைச் சாய்த்தால் அது கிடைத்துவிடும். தீபாவளிப் பலகாரங்களுக்குப் பின் இருபது கிலோவைச் சாய்க்க இயலாதவர் இப்பள்ளத்தாக்கில் அரியர். துருப்பிடித்து முரண்டும் நட்டுக்கு பேட்டரியில் ஓடும் ரெஞ்ச் உண்டு. அதற்குத் தொட்டியும் வேண்டாம், குழாயும் வேண்டாம்.

பெட்ரோல் நிலையத்தில் காற்று இலவசமாயிற்றே, சிறு பம்பு மட்டும் எதற்கு என்று வினவுவாரும் உளர். வினா நியாயமானது, விடையும் உண்டு. டயரின் அழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் விதி. நிலையம் வரை ஓடிய டயர் பத்து டிகிரி சூடேறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடிக் காட்டும், அதை நம்பிக் காற்றடித்தவர் மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு புறப்படுவார். தொலைதூரப் பயணத்துக்கு முந்திய நாள் அங்கே நிற்கும் வரிசையைச் சொல்லவே வேண்டாம். வீட்டில் காற்றடிக்கும் கருவி ஒன்று இருக்க வேண்டும் என்பதற்கு அறிவியல் தரும் வலுவான நியாயம் இந்தக் குளிர்ந்த டயர்தான். அந்நியாயமும் சிறு பம்போடு நின்றுவிடுகிறது, பெரிய தொட்டி வரை நீள்வதில்லை.

ஆயினும் பெரிய தொட்டி விற்பனையாகிறது. காரணம், இம்பாக்ட் ரெஞ்சின் ஒலி என்றே இக்கட்டுரை துணிகிறது. பட்டறையில் ஃபோர்மன் ஐந்து நட்டுகளை ஐந்து உறுமலில் கழற்றியதைக் கண்ட குடும்பத் தலைவர், அதன்பின் கைப்பிடியைச் சாய்ப்பதில் நிறைவு காண்பதில்லை. வாங்கிய இரண்டாம் வாரத்திலிருந்து அக்கருவி மின்விசிறித் தூசி ஊதவும், பிள்ளைகளின் ரப்பர் நீச்சல் தொட்டியை நிரப்பவும், பிறந்தநாள் பலூனுக்கும் பயன்படுவதைக் கொண்டு அதை வீண் என முடிவு கட்டலாகாது. வீட்டில் உள்ளவர்கள் அவ்வாறு முடிவு கட்டுவதைத் தடுக்கவும் இயலாது.

இடவேறுபாட்டையும் ஒருவாறு குறித்தல் தகும். இரயில்வே ஊழியர் குடியிருப்புகளால் வளர்ந்த பிரிக்பீல்ட்ஸ் இன்று பெரும்பாலும் மாடிகளாய் உயர்ந்துவிட்டது. பதினான்காம் மாடியில் வசிப்பவருக்குக் காரும் செருகியும் ஒரே தளத்தில் அமைவது அரிது. அவருக்குச் சிறு பம்பைத் தவிர வேறு வழி இல்லை, அது அவருடைய பேறு. கிள்ளானின் வரிசை வீட்டில் முகப்பும் செருகியும் அருகருகே உள்ளன. ஆனால் அண்டை வீட்டுச் சுவரும் அருகிலேயே உள்ளது. எண்ணெய் இல்லாத நேரடி மோட்டார் கருவிகளின் மலிவு வகை, பக்கத்தில் நிற்பவரைக் கத்திப் பேச வைக்கும். சத்தம் குறைந்தது என்று விற்கப்படும் வகைக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளி கூடும். அந்தக் கூடுதலைக் கருவியின் விலையில் சேர்க்காமல் அண்டை உறவின் செலவில் எழுதுவதே கணக்கியல் முறைக்கு ஒத்தது.

இப்பள்ளத்தாக்குக்கே உரிய மற்றொரு சிக்கல் நீர். காற்றை நெருக்கலாம், அதிலுள்ள ஆவியை ஓர் எல்லைக்கு மேல் நெருக்க இயலாது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கும் ஆவி சுமார் 30 கிராம். இங்குள்ள 80 விழுக்காட்டு ஈரப்பதத்தில் அதில் 24 கிராம் முன்பே இருக்கும். 50 லிட்டர்த் தொட்டியை 8 பார் வரை நிரப்பி ஆறவிட்டால், உள்ளே நுழைந்த சுமார் 11 கிராம் ஆவியில் ஒன்றரைக் கிராம் மட்டுமே ஆவியாக நிற்க, எஞ்சிய ஒன்பது கிராமுக்கு மேல் தண்ணீராகி அடியில் தங்கும். ஒவ்வொரு நிரப்பலுக்கும் இது தொடரும். தொட்டியின் வயிற்றடியில் ஒரு வடிகால் திருகு வைக்கப்பட்டிருப்பது இதற்காகவே. அது இருப்பதை அறியாமலே கருவியை ஆண்டு முடித்தவர்கள் பலர்.

வடிக்காத தொட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும். சித்தர் மரபில் தனஞ்சயன் என்னும் பத்தாம் வாயு, உயிர் பிரிந்த பின்னும் உடலைவிட்டு நீங்காமல் அதை வீங்கச் செய்வது. விசையை அணைத்த பின்னும் தொட்டிக்குள் தங்கும் காற்றும் அக்குணம் உடையதே. 50 லிட்டரும் 8 பாரும் சேர்ந்த தொட்டியில் அடங்கிக் கிடக்கும் ஆற்றல், கோட்பாட்டளவில், ஒரு டன் எடையுள்ள காரை இரண்டு மாடி உயரத்துக்குத் தூக்கப் போதுமானது. பணியிடங்களில் உள்ள அழுத்தத் தொட்டிகளுக்கு அரசின் தகுதிச் சான்று வேண்டும் என்று 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் விதித்ததும், அச்சட்டம் 2024இல் நீக்கப்பட்ட பின்னரும் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அக்கடமை தொடர்வதும் இந்த அச்சத்தினாலேயே. வீட்டு முகப்புக்குச் சோதனை அதிகாரி வருவதில்லை. அவ்வேலை வாங்குபவரைச் சேர்ந்தது.

ஆகவே, இத்தனையும் படித்த பின்னும் ரெஞ்சின் ஒலி காதை விட்டு அகலாதவர்க்கு இரு வழிகள் உள்ளன. சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும், 25 லிட்டர்த் தொட்டியும் 2 குதிரைத்திறனும் கொண்ட, எண்ணெய் இட்டு ஓடும் புதுக்கருவி ஒன்று. அதற்கு எண்ணெய் வாங்குகையில் கார் எஞ்சின் எண்ணெயின் மிச்சத்தை ஊற்றாமல் கம்ப்ரசருக்கு என்றே விற்கப்படுவதை வாங்குதல் வேண்டும். மற்றது, மூடப்படும் பட்டறையிலிருந்து வரும், பெல்ட்டில் மெதுவாகச் சுழன்று சூடும் சத்தமும் குறைவாக உழைக்கும் தைவான் நாட்டுப் பழங்கருவி. தலைப்பகுதியைப் புதுப்பிக்கலாம், மோட்டாரை மாற்றலாம் என்பதால் பணத்துக்குத் தக்க பொருள் என்று கொள்ளத்தக்கது இதுவே. தொட்டி மட்டும் மாற்றத்தக்கது அன்று. வாங்கச் செல்பவர் பெயர்த்தகட்டில் உற்பத்தி ஆண்டையும் அழுத்த எல்லையையும் படித்து, விற்பவர் எதிரிலேயே வடிகால் திருகைத் திறந்து பார்க்க வேண்டும். செந்நிற நீரும் துருச்செதிலும் சேர்ந்து வெளிவருமாயின், விற்பவர் உடனே ஐம்பது வெள்ளி குறைத்தாலும் திருகை மூடிவிட்டுத் திரும்புதல் வேண்டும்.