பொன்னாடையைத் தொடாத பூச்சி

பட்டிமன்றம், கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, பணி நிறைவுப் பாராட்டு என்று எனக்கு இதுவரை போர்த்தப்பட்ட பொன்னாடைகளை எல்லாம் கும்பகோணத்து வீட்டு மரபீரோவின் மேல்தட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன். எத்தனை என்று சொல்ல மாட்டேன். அதிகம் என்றால் தற்பெருமை என்பீர்கள், குறைவு என்றால் சிரிப்பீர்கள். அதே பீரோவின் கீழ்த்தட்டில் என் மனைவியின் திருபுவனம் முகூர்த்தப் பட்டும், கேதார்நாத் யாத்திரைக்கென்று வாங்கிய கம்பளிச் சால்வையும் இருந்தன. போன மழைக்காலத்தில் பீரோவுக்குள் துணிப்பூச்சி புகுந்தது. சால்வையைத் தின்றது. முகூர்த்தப் பட்டில் ஓட்டை போட்டது. பொன்னாடைகளில் ஒன்றைக்கூட முகர்ந்தும் பார்க்கவில்லை.

முதலில் எனக்கு இதில் பெருமைதான். "தமிழுக்குக் கிடைத்த மரியாதையைப் பூச்சிகூட மதிக்கிறது பார்" என்று சொல்லவும் செய்தேன். மனைவி பதில் பேசவில்லை. சேலையை விளக்குக்கு நேரே பிடித்து ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பெருமை நிலைக்கவில்லை. துணிப்பூச்சி என்பது ஓர் அந்து. ஆனால் தின்பது அந்து அல்ல, அதன் புழு. அந்தப் புழுவுக்கு வேண்டியது புரதம். ஆட்டு ரோமம், பட்டு, இறகு, தோலில் ஒட்டிய மயிர் எல்லாம் அதற்கு விருந்து. மயிரிலும் கம்பளியிலும் இருக்கிற கெரட்டினைச் செரிக்கும் வயிறு மிகச் சில உயிர்களுக்குத்தான் உண்டு. இது அவற்றில் ஒன்று. துவைத்த பருத்தியை அது சீந்துவதில்லை. பாலியெஸ்டரில் அதற்குக் கொறிக்க ஒன்றுமே இல்லை. இதையெல்லாம் படித்த பிறகுதான் மேல்தட்டை நிமிர்ந்து பார்த்தேன். வயிற்றில் ஏதோ செய்தது.

பட்டா இல்லையா என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்த வேண்டும். பட்டாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும். சாம்பலை நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். ஒரு பகல், மனைவி கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து, அடுப்பைப் பற்றவைத்து என் புகழை நூல் நூலாகக் கொளுத்தினேன். மணி. மணி. மறுபடியும் மணி. பெரிய மனிதர் ஒருவர் போர்த்தியது என்பதால் 'அது அசல் பட்டு' என்று வருகிறவர்களிடமெல்லாம் நான் எடுத்துக் காட்டும் ஒன்று உண்டு. அதுவும் மணி. அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரோ போர்த்தியதைத்தான் அவர் எனக்குப் போர்த்தியிருப்பார். நானும் அப்படிச் சிலதைக் கைமாற்றி விட்டவன்தான். ஒருமுறை அன்பளிப்புச் சீட்டைக் கிழிக்க மறந்துபோய், எனக்குப் போர்த்தியவருக்கே அதைத் திருப்பிப் போர்த்தியும் இருக்கிறேன்.

பூச்சியோடு நான் நடத்திய யுத்தத்தின் வீர வரலாற்றுக்கு வருகிறேன். சாயங்காலம் டியூப்லைட்டைச் சுற்றும் சின்ன அந்துகளை இரண்டு கையாலும் தட்டிக் கொல்வதில் தொடங்கினேன். மேடையில் கைதட்டல் வாங்கிய காலம் போய், கூடத்தில் நின்று நானே தட்டிக்கொண்டிருந்தேன். கொன்றவற்றை மனைவியிடம் காட்டிக் கணக்கும் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, துணிப்பூச்சிக்கு வெளிச்சம் ஆகாது. விளக்கைப் போட்டால் மடிப்புக்குள் ஓடி ஒளியும் சாதி அது. டியூப்லைட்டைச் சுற்றியவை அரிசி டிரம்மிலிருந்து வந்த அந்துகளாகத்தான் இருக்க வேண்டும். குற்றவாளி பீரோவுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் சமையலறைக்காரர்களைத் தூக்கிலிட்டிருக்கிறேன்.

உண்மையான துணிப்பூச்சி வைக்கோல் நிறத்தில், அரை அங்குலம்கூட இல்லாமல், மினுமினுப்பாக இருக்கும். அது ஒன்றிரண்டு பறந்து, நான் பிடித்திருந்தாலும் பெரிய பயன் இல்லை. பறப்பவை பெரும்பாலும் ஆண்கள். முட்டையைச் சுமக்கும் பெண் பறப்பதைவிட நடப்பதுதான் அதிகம். அது நாற்பது ஐம்பது முட்டைகளைத் துணி மடிப்பில் இட்டுவிட்டுச் சாகும். வளர்ந்த அந்துக்குத் தின்ன வாயே கிடையாது. சிறகு முளைத்து நம் கண்ணில் படும்போது அதன் சாப்பாடு எப்போதோ முடிந்திருக்கும். பில் மட்டும் நம் கையில்.

தடயம் கண்ணெதிரே இருந்தும் நான் பார்க்கவில்லை என்பது தனிக் கதை. கீழ்த்தட்டில் கசகசா போலத் துகள் உதிர்ந்து கிடந்தது. அரக்கு நிறம். பட்டின் சாயம் போகிறது என்று நினைத்து, திருபுவனத்துக் கடைக்காரரை மனதுக்குள் திட்டினேன். சாயமும் இல்லை, தூசியும் இல்லை, புழுவின் எச்சம். எந்த நிறத் துணியைத் தின்கிறதோ அதே நிறத்தில்தான் கழிக்குமாம். சேலை அரக்கு, ஆகவே அதுவும் அரக்கு.

சுவர் விஷயத்தில் இன்னும் கேவலப்பட்டேன். குளியலறைச் சுவரிலும் பரணுக்குக் கீழேயும் சாம்பல் நிறத்தில், தட்டையாக, நடுவில் அகன்று இரு முனையும் ஒடுங்கிய சிறு சிறு துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டிலும் இருக்கும், போய்ப் பாருங்கள். சுவர்ப்பூச்சு பெயர்கிறது என்று முடிவுகட்டி, வெள்ளையடித்தவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவர் ஏணியைக்கூட இறக்கவில்லை. கண்ணைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார், இது நடக்குது."

நடந்தது. ஒரு முனையிலிருந்து தலை வெளியே வந்து, மூன்று ஜோடிக் கால்களால் சுவரைப் பற்றி, கூட்டை இழுத்துக்கொண்டு போயிற்று. பட்டிழையில் மணலையும் தூசியையும் ஒட்டித் தானே கட்டிக்கொண்ட கூடு. உள்ளே இருப்பது அந்தின் புழு. பீரோவுக்குள் இருந்ததற்குப் பங்காளி முறை. கூட்டின் இரு முனையும் திறந்திருப்பதால், ஒரு பக்கம் தொட்டால் உள்ளேயே திரும்பி மறுபக்கம் தலை நீட்டும். உதிர்ந்த முடி, செத்த பூச்சி, கம்பளி இவற்றோடு, அதற்கு ரொம்பப் பிடித்தது பழைய சிலந்தி வலை. இதை வாசித்துச் சொன்னபோது மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. "என்னங்க, பரணுக்குக் கீழ ஒட்டடை தொங்குது, அடிச்சு விடுங்க" என்று அவள் சொல்லும்போதெல்லாம் "தீபாவளி வரட்டும்" என்று ஒத்திப்போட்டவன் நான். எந்தத் தீபாவளி என்று சொல்லாததில் இருந்தது என் சாமர்த்தியம். ஒட்டடை என்று நான் விட்டுவைத்தது அதற்குப் போட்ட பந்தி.

அடுத்தது பாச்சா உருண்டைப் படலம். ஒரு பொட்டலம் வாங்கி வந்து, கோயிலில் பூ தூவுவதுபோலத் துணிகளின் மேல் தூவினேன். ஜரிகையில் உருண்டை படக்கூடாது என்று சேலை வாங்கும்போதே கடையில் சொல்லி அனுப்பினார்கள். சொன்னது மனைவிக்கு, போட்டது நான். ஜரிகை ஓரிடத்தில் மங்கிப்போனது. சரி, பூச்சியாவது செத்ததா? உருண்டையில் இருக்கும் நாப்தலீன் உருகாமல் நேரே ஆவியாகிற பொருள். அந்த ஆவி மூடிய இடத்தில் அடர்ந்து நின்றால்தான் புழு சாகும். எங்கள் பீரோ மூடாது. மேல்தட்டில் பொன்னாடைகள் பிதுங்கிக்கொண்டு நிற்பதால் கதவு எப்போதும் நாலு விரல் திறந்தே இருக்கும். ஆவியெல்லாம் வெளியே வந்தது, நாங்கள்தான் மூச்சில் இழுத்தோம். புழு உள்ளே சௌக்கியம்.

இதில் சிரிக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிறக்கப்போகும் குழந்தைக்கென்று பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்திருந்தோம். அந்த மூட்டைக்குள்ளும் என் அன்பை நான்கைந்து உருண்டைகளாகப் போட்டு வைத்தேன். பருத்தித் துணி. அதைத் துணிப்பூச்சி தின்னாது என்பதுகூட அப்போது தெரியாது.

"இதுல பாச்சா உருண்டை போட்டது யாரு?" என்று கேட்ட மகள், என் முகத்தைப் பார்த்ததும் பதிலை எதிர்பார்க்கவில்லை. "அப்பா, முதல்ல அதைத் தூக்கி வெளியில போடுங்க."

அவள் சொன்னதுதான் சரி. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு நாப்தலீன் ஆவி பட்டால் சிவப்பணுக்கள் உடையும். மஞ்சள் காமாலை கடுமையாகும். குறை இருப்பது பார்த்தால் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இலேயே இந்த உருண்டைகளை நிறுத்திவிட்டது. நம் ஊரில் அண்ணாச்சி கடையில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் தொங்குகிறது. மூட்டையை அப்படியே ஒதுக்கிவிட்டு வேறு வேட்டிகளைக் கிழித்தோம். அதில் இரண்டு என் நல்ல வேட்டி. வாய் திறக்கவில்லை.

உருண்டை போனதும் எனக்குள் இருந்த தமிழாசிரியர் விழித்துக்கொண்டார். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளைக் காக்க வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை எல்லாம் பொடித்து, கற்பூரம் சேர்த்துச் சிறு துணி முடிச்சுகளாக வைப்பார்கள். இதைப் பற்றி நான் மேடையில் உருகியிருக்கிறேன். கேட்டவர்கள் கண் கலங்கியிருக்கிறார்கள். வீட்டில் செய்து பார்த்ததில், ரசத்துக்கு மிளகு இல்லாமல் போனது. முடிச்சுகள் வாசனையாகத்தான் இருந்தன. ஆனால் வாசனை வெளியிலிருந்து வருகிற பூச்சியைத் தள்ளி நிறுத்தலாம். உள்ளே பிறந்து, உள்ளே வளர்ந்து, தின்பதைத் தவிர வேறு வேலை தெரியாத புழுவை என்ன செய்யும்? அந்த நூலகத்தில் முடிச்சு மட்டும் வைப்பதில்லை, சுவடிகளை எடுத்துத் துடைத்துப் பராமரிக்கவும் செய்கிறார்கள். சொற்பொழிவில் அந்தப் பாதியை நான் விட்டுவிடுவது வழக்கம்.

கடைசி ஆயுதம் ஃப்ரீசர். துணியைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் குறைந்தது மூன்று நாள், ஒரு வாரம் என்றால் இன்னும் நல்லது, வைத்தால் முட்டையோடு சாகும். இது நிஜமாகவே வேலை செய்கிற முறை. கேதார்நாத்தில் ஊசிக் குளிரைத் தாங்கிய சால்வை, கும்பகோணத்தில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தது. அன்றைக்குப் பார்த்து மின்தடை. மின்சாரம் வந்ததும் மறுபடி உறைந்தது. மறுநாள் பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிய ஐஸ்கிரீமுக்கு இடம் வேண்டுமென்று சால்வையை நானே எடுத்து, 'இவ்வளவு குளிருக்கு எது பிழைக்கும்' என்று பீரோவிலேயே திரும்ப வைத்தேன். பிழைத்தது.

தோற்றவன் தத்துவம் பேசுவது இயல்பு. நானும் பேசினேன். "யோசித்துப் பார். ஓர் அந்தின் புழு கட்டிய கூட்டை வெந்நீரில் போட்டு நூலெடுத்து நாம் உடுத்துகிறோம். இன்னோர் அந்தின் புழு வந்து அதைத் தின்கிறது. யார் பக்கம் நியாயம்?" நல்ல பட்டிமன்றத் தலைப்பு. நடுவர் தீர்ப்பு உடனே வந்தது: "என் கல்யாணப் புடவைங்க."

அந்தப் புடவையில் ஓட்டை விழுந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். முந்தானைக்கு அருகே, இடுப்பில் வருகிற பக்கம். மைத்துனன் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறேன் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய், அவள் மேல் நான் பாயசம் சிந்திய அதே இடம். வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட பட்டுதான் புழுவுக்கு உகந்தது. 'காய்ந்தால் தெரியாது' என்று மடித்து உள்ளே வைத்ததும் நானே.

முடிவில் வேலையைச் செய்தது அவள். பீரோவைக் காலி செய்தாள். பலகை இடுக்குகளைப் பழைய பல்துலக்கியால் சுரண்டித் துடைத்தாள். சால்வையைக் குப்பை வண்டிக்குக் கொடுத்தாள். பட்டுகளை நிழலில் உலர்த்தி, உதறி, பழைய மடிப்பில் மடிக்காமல் மாற்றி மடித்து, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி வைத்தாள். முகூர்த்தப் பட்டு டார்னிங் கடைக்குப் போய் வந்தது. தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை எல்லாம் வெளியே வந்து காற்று வாங்குகின்றன. இருட்டும் தொந்தரவில்லாத தூக்கமும் போனதும் பூச்சியும் போய்விட்டது. இதில் என் பங்கு, பீரோ கதவு மூடுவதற்காகப் பொன்னாடைகளை அப்புறப்படுத்தியது. அவை இப்போது ஒரு சாக்குப் பையில் பரணில் இருக்கின்றன. அவற்றுக்குப் பாதுகாப்பு ஒன்றும் தேவையில்லை.

ஆகவே என்னைக் கூட்டத்துக்கு அழைக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பொன்னாடை வேண்டாம். புத்தகம் தரலாமே என்று யோசிக்காதீர்கள். அதற்கென்று இராமபாணப் பூச்சி காத்திருக்கிறது. ஒரு பருத்தித் துண்டு போதும், தலை துவட்ட ஆகும். கஞ்சி போடாததாகப் பார்த்துக் கொடுங்கள். கஞ்சிக்கும் இராமபாணம் வரும்.