ஒன்பது வளைவுக்கு மூன்று கேமரா போதுமா?

கேள்வி: சாம்சங் கேலக்ஸி ஏ17 5ஜி போனில் மூன்று கேமராவாமே? (எல்ல)

பதில்: பின்புறத்தில் மூன்றுதான். ஆனால் உழைப்பது ஒன்று, கைகொடுப்பது ஒன்று, ஆள்கணக்குக்கு நிற்பது ஒன்று. 2025 ஆகஸ்ட்டில் அறிவிக்கப்பட்ட இந்த போனின் 50 மெகாபிக்சல் பிரதான கேமராவில், கைநடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி உண்டு; மாலை மங்கலில் அது உதவும். 5 மெகாபிக்சல் அகலக் கேமரா, ஒன்பது வளைவு ரயில் பாலத்தை முழுதாக ஒரே படத்தில் அடக்கும், துல்லியம் குறையும். 2 மெகாபிக்சல் மேக்ரோ, கொழுந்தில் சிலந்தி தேடுவோருக்கு. ஓடும் ரயிலில் தொங்கியபடி செல்பி எடுப்பவரைக் காப்பாற்றும் வசதி மட்டும் எந்த போனிலும் வரவில்லை.

கேள்வி: மழைக்குத் தாங்குமா? (நமுனுகுல)

பதில்: இதன் தரம் ஐபி54. தூசிக்கு ஓரளவு தடுப்பு, தெறிக்கும் நீருக்குப் பாதுகாப்பு. தண்ணீரில் விழுந்தால் பொறுப்பில்லை. ஊவாவில் வடகீழ்ப் பருவமழை தெறிப்பதில்லை, கொட்டுகிறது. ஆகவே கொழுந்து மலைக்குப் போகும்போது போனுக்கும் ஒரு பொலித்தீன் பை வேண்டும்.

கேள்வி: பேட்டரி எப்படி? (லுணுகல)

பதில்: 5,000 மில்லியம்பியர் மணி, சாதாரணப் பாவனைக்கு ஒரு நாள் தாராளம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்து, பதுளை மாவட்டத்தில் மண்சரிவோடு மின்சாரமும் போனபோது, கேமராவை விடப் பேட்டரியின் அருமையே தெரிந்தது. குறையும் உண்டு: 25 வாட் வேகத்தில் சார்ஜ் ஏறும், ஆனால் பல நாடுகளில் பெட்டிக்குள் சார்ஜர் இல்லை. பழைய இயர்போன் செருகும் துளையும் இல்லை. பாட்டுக் கேட்கத் தனிச் செலவு.

கேள்வி: 5ஜி இருப்பதால் தோட்டத்தில் வேகம் கூடுமா? (பசறை)

பதில்: போனில் 5ஜி இருந்தால் போதாது, மலையில் நிற்கும் கோபுரத்திலும் இருக்க வேண்டும். ஒரு கோடு கவரேஜுக்காகப் பாறைமேல் ஏறும் லயத்தில் 5ஜி போனும் பாறைமேல்தான் ஏறும்.

கேள்வி: எத்தனை வருடம் ஓடும்? (தெமோதரை)

பதில்: ஆறு ஆண்ட்ராய்டு மேம்படுத்தல்கள், ஆறு ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் என்பது நிறுவனத்தின் வாக்கு. இந்த விலைவரிசையில் இதுவே பெரிய அனுகூலம். 1921இல் திறந்த ஒன்பது வளைவுப் பாலம் ஒரு அப்டேட்டும் இல்லாமல் நூறாண்டைக் கடந்துவிட்டது என்று வாதாடலாம். ஆனால் அதில் வங்கிக் கணக்கு இல்லை.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் அக்கா வாங்கி வந்தால் மலிவுதானே? (ஹாலி-எல)

பதில்: மலிவாக இருக்கலாம், ஊமையாகவும் இருக்கலாம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதியாத புதிய கருவிகளுக்கு, 2025 ஜனவரி இறுதி முதல் இலங்கை வலையமைப்புகளில் இடமில்லை. *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்ஈஐ எண் தெரியும். ஆங்கிலத்தில் ஐஎம்ஈஐ என்று தட்டி, இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் பதிவு உண்டா என்பது தெரிந்துவிடும். காசு கொடுக்குமுன் அனுப்புவது உத்தமம்.

கேள்வி: விலை கட்டுப்படியாகுமா? (பண்டாரவளை)

பதில்: 2025இல் இந்தியாவில் வெளிவந்தபோது ஆரம்ப விலை 18,999 இந்திய ரூபாயாக இருந்தது. இலங்கையில் 2024 முதல் போனுக்கும் 18 வீத வற் வரி உண்டு. தோட்டத்தில் விலையைப் பேரில், அதாவது ஒரு நாள் வேலைச் சம்பளத்தில், கணக்கிடுவதே நியாயம். போன் அறிவிக்கப்பட்டபோது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். கடையில் 50,000 ரூபாய் சொன்னால் அது 37 முழுப்பேர். அந்த நாள்களில் வீட்டில் யாரும் சாப்பிடாமல் இருந்தால்.

கேள்வி: அப்படியானால் வாங்கலாமா, வேண்டாமா? (பதுளை)

பதில்: கையில் இருப்பது ஓடுகிறதென்றால் வேண்டாம். அது செத்துவிட்டது, புதியதை ஐந்தாறு வருடம் வைத்திருக்கப் போகிறோம் என்றால் வாங்கலாம். 5ஜிக்காக மட்டும் என்றால், கோபுரம் வரட்டும்.