கண்ணை மூடியவரும் விமர்சகரே

கேள்வி: பேய்ப் படம் ஓடும்போது பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பவர் அந்தப் படத்துக்கு விமர்சனம் எழுதலாமா?

பதில்: எந்தக் காட்சியில் மூடினார், எது மூடவைத்தது என்று அவரால் சொல்ல முடிந்தால், கண் கொட்டாமல் பார்த்துவிட்டு 'பயமே வரவில்லை' என்று ஒரே வரியில் முடிப்பவரைவிட அவரே தகுதியானவர். அச்சம் என்பது திகில் படத்தின் கைவேலை. அது எந்த இடத்தில், எதைக் கொண்டு செய்யப்பட்டது என்று காட்டுவதே விமர்சகரின் கடமை. வால் லூட்டன் தயாரித்து ஜாக் டூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' (1942) படத்தில் இதற்குப் பாடமாக அமைந்த காட்சி ஒன்று உண்டு. இரவில் பூங்காவின் மதிலோரம் ஒரு பெண் தனியே நடக்கிறாள்; தெருவிளக்குகள் விட்டுவிட்டு ஒளி சிந்தும் அந்தப் பாதையில் அவளுடைய குதிகால் செருப்பின் ஓசையும், சற்றுப் பின்னால் வரும் இன்னொருத்தியின் செருப்போசையும் மட்டுமே கேட்கின்றன; பின்னணி இசை இல்லை. திடீரென்று பின்னால் வந்த ஓசை நின்றுவிடுகிறது. நின்றுபோன அந்த ஓசையில்தான் அச்சம் பிறக்கிறது. முன்னே செல்பவள் விரைகிறாள், ஓடுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள். அந்தக் கணத்தில் சிறுத்தை சீறுவது போன்ற ஒலியோடு திரைக்குள் பாய்ந்து வருவது ஒரு நகரப் பேருந்து, சீறியது அதன் பிரேக். படத்தொகுப்பாளர் மார்க் ராப்சன் அமைத்த இந்த உத்திக்கு, அதாவது அச்சத்தை உச்சிக்கு ஏற்றி, தீங்கற்ற ஒன்றால் அதிரவைத்து இறக்குவதற்கு, 'லூட்டன் பஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 'ஜம்ப் ஸ்கேர்' என்று இன்று அழைக்கப்படும் திடுக்கிடல் காட்சிகளுக்கு இது மூதாதை. ஆனால், பின்வந்தவர்களில் பலர் பேருந்தை எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய நிசப்தத்தை விட்டுவிட்டார்கள். காதருகே தகரத்தைத் தட்டினால் எவரும் துள்ளுவார், அது அச்சமாகாது. படம் அதிரவைத்ததா, அஞ்சவைத்ததா என்று பிரித்துச் சொல்லாத விமர்சனம் பாதி விமர்சனமே.

கேள்வி: சுறாவைப் பற்றிய படத்தில் ஒரு மணி நேரம்வரை சுறாவைச் சரியாகக் காட்டாமலே இழுத்தடித்தால் அதையும் பாராட்ட வேண்டுமா?

பதில்: வேண்டும். 'ஜாஸ்' (1975) படப்பிடிப்பில் இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதானதால், அதைக் காட்டாமலே கதை சொல்லும் கட்டாயம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குக்கு ஏற்பட்டது. நீரில் இழுபடும் மஞ்சள் பீப்பாய்களும், இரண்டே சுரங்களை மாறிமாறி ஒலிக்கும் ஜான் வில்லியம்ஸின் இசையும் சுறாவாகிவிட்டன. அது திட்டமா, தற்செயலா என்பது வரலாற்றாசிரியரின் கேள்வி. விமர்சகர் தீர்ப்பளிக்க வேண்டியது திரையில் நிற்பதற்கு மட்டுமே.

கேள்வி: கதையைச் சொன்னால் சுவை கெட்டது என்கிறார்கள், சொல்லாவிட்டால் விமர்சனமே இல்லை என்கிறார்கள். விமர்சகர் என்னதான் செய்வது?

பதில்: தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் ஏற்கெனவே உள்ளன. படத்தைப் பார்க்கலாமா என்று யோசிப்பவருக்காக எழுதப்படுவது மதிப்புரை. பார்த்து முடித்தவரோடு பேசுவது திறனாய்வு. முன்னதில் முடிச்சை அவிழ்ப்பது குற்றம், பின்னதில் அவிழ்க்காமலிருப்பது குற்றம். 'சைக்கோ' (1960) வெளியானபோது ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக் விமர்சகர்களுக்கு முன்கூட்டியே படத்தைத் திரையிட்டுக் காட்டவில்லை. படம் தொடங்கிய பின் அரங்குக்குள் எவரையும் விடவும் கூடாது என்றார். ஆயினும், தகவல் தெரிந்தால் விறுவிறுப்பு போய்விடும் என்று எண்ணியவரல்லர் அவர். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது எவருக்கும் தெரியாமல் வெடித்தால் பார்வையாளருக்குச் சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதைப் பார்வையாளருக்கு மட்டும் சொல்லிவிட்டு, மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களை வெட்டிப் பேச்சு பேசவிட்டால் பல நிமிடத் தவிப்பு என்று பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா ட்ரூஃபோவிடம் அவர் விளக்கியிருக்கிறார். முன்னது வியப்பு, பின்னது 'சஸ்பென்ஸ்'. கதையில் எந்தச் செய்தி குண்டு, எது வெறும் மேசை என்று அறிந்து எழுதுபவரால் எவர் சுவையும் கெடாது.

கேள்வி: துப்பாக்கி வெடிக்காத, கார் பறக்காத உளவுப் படம் உப்பில்லாப் பண்டம்தானே?

பதில்: ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு அது பொருந்தும், 1962இல் 'டாக்டர் நோ' தொடங்கிவைத்த அந்த வரிசை சாகசத்தையே வாக்களித்தது, வாக்களித்ததைக் கேட்கப் பார்வையாளருக்கு உரிமையும் உண்டு. ஆனால் உளவு என்ற தொழிலின் உப்பு ஐயம். பிரிட்டிஷ் உளவுத்துறையில் பணியாற்றிய ஜான் லெ காரேயின் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' நாவலை, பிபிசி 1979இல் ஏழு பகுதிகள் கொண்ட தொடராக எடுத்தது. அலெக் கின்னஸ் கதையின் நாயகன் ஜார்ஜ் ஸ்மைலியாக நடித்தார். அதன் முதல் காட்சியில் ஓர் அறைக்குள் நான்கு அதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராக வந்து அமர்கிறார்கள். வணக்கம் இல்லை, பேச்சு இல்லை. ஒருவர் தேநீர்க் கோப்பையைச் சாசரால் மூடி எடுத்துவருகிறார். ஒவ்வொருவரும் நடந்து வரும் விதத்திலேயே அவரவர் குணம் வெளிப்பட்டுவிடுகிறது. இந்த நால்வரில் ஒருவர்தான் சோவியத்தின் 'மோல்', அதாவது பகைநாடு நெடுங்காலத்துக்கு முன்பே உள்ளே நட்டுவைத்த ஆள். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் சிறு விலங்கின் பெயர் அது. அந்த ஒருவர் யார் என்று அறிந்த பிறகு அதே காட்சியைத் திரும்பப் பார்ப்பவருக்குத் தேநீர்க் கோப்பைகூட வேறு பொருள் தரும். துப்பாக்கியால் ஆகாத வேலை இது. 2011இல் தாமஸ் ஆல்ஃபிரெட்சன் அதே கதையைக் கேரி ஓல்ட்மேனை வைத்து இரண்டு மணி நேரச் சொச்சத்தில் எடுத்தபோது, தொடர் உரையாடலால் செய்ததைப் பார்வைகளாலும் மௌனத்தாலும் செய்ய நேர்ந்தது. இரண்டும் நல்ல ஆக்கங்கள். எனினும், ஐயம் மெல்ல மெல்ல ஊறுவதற்குத் தொலைக்காட்சி தந்த அவகாசத்தைத் திரைப்படத்தால் தர முடியவில்லை என்பதால், தொடரே ஒரு படி மேல்.

கேள்வி: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதால், தொடரின் முதல் பகுதியை மட்டும் பார்த்து விமர்சித்துவிடலாமா?

பதில்: பானைச் சோறு முழுவதும் ஒரே அடுப்பில், ஒரே நேரத்தில் வேகிறது, தொடர் அப்படி வேகுவதில்லை. 2013 முதல் 2018 வரை ஆறு பருவங்களாக வந்த 'தி அமெரிக்கன்ஸ்' என்ற உளவுத் தொடரில் மொத்தம் 75 பகுதிகள். எழுதியவர்களும் இயக்கியவர்களும் பலர். முதல் பகுதியை வைத்து முதல் பகுதியைப் பற்றி எழுதலாம். எத்தனை பகுதி பார்த்து எழுதப்பட்டது என்பதை மட்டும் விமர்சனத்தின் தலையிலேயே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: இணையத்தில் 90 விழுக்காடு பெற்ற படம் பிடிக்காமல் போனால் குறை யாரிடம்?

பதில்: எண்ணைப் படித்த விதத்தில். 1998இல் தொடங்கிய 'ராட்டன் டொமேட்டோஸ்' தளத்தின் விழுக்காடு படத்துக்கு அளிக்கப்பட்ட மதிப்பெண் அன்று. எத்தனை விமர்சகர்கள் சாதகமாக எழுதினார்கள் என்ற தலைக்கணக்கு. நூறு பேரில் தொண்ணூறு பேர் 'பரவாயில்லை' என்று முணுமுணுத்தாலும் 90 வந்துவிடும். ஆனந்த விகடன் '16 வயதினிலே' (1977) படத்துக்கு அளித்த 62.5 வேறு வகையானது. அது படத்தை எடைபோட்டுத் தந்த எண். கஞ்சத்தனமான அந்த எண்ணைத் தமிழ் ரசிகர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

கேள்வி: விமர்சகர் தவறு செய்தால் தண்டனை உண்டா?

பதில்: தண்டனை பெரும்பாலும் இயக்குநருக்கே விழுகிறது. மைக்கேல் பவெல் இயக்கிய 'பீப்பிங் டாம்' (1960), பெண்களைக் கொல்லும்போது அவர்கள் முகத்தில் எழும் அச்சத்தைப் படம்பிடிக்கும் ஓர் இளைஞனின் கதை. தொடக்கக் கொலையை அவனுடைய கேமராவின் கண் வழியாகவே பார்க்கவைத்து, பார்ப்பவரையும் அந்தக் குற்றத்தில் கூட்டாளியாக்கியதைப் பிரிட்டிஷ் விமர்சகர்களால் பொறுக்க முடியவில்லை. படத்தின் நோக்கத்தை ஆராயாமல், தங்கள் அருவருப்பையே தீர்ப்பாக எழுதினார்கள். பவெலின் திரைவாழ்வு பிரிட்டனில் ஏறக்குறைய முடிந்துபோயிற்று. 1970களின் இறுதியில் மார்ட்டின் ஸ்கோர்செஸியின் முயற்சியால்தான் படம் மீண்டும் கவனம் பெற்றது. அன்று கடுமையாகத் தாக்கியவர்களில் ஒருவர் சண்டே டைம்ஸ் விமர்சகர் டிலிஸ் பவெல். பெயர் ஒன்றானாலும் இயக்குநருக்கு உறவல்லர். 90 வயதைக் கடந்த பின், 1994இல், அது பெரும்படைப்பு என்று அதே இதழில் எழுதி, மறுமையில் பேச அனுமதி உண்டானால் இயக்குநரைத் தேடிச்சென்று மன்னிப்புக் கேட்பது தம் கடமை என்றார். மைக்கேல் பவெல் 1990லேயே இறந்துபோயிருந்தார்.