அடிங்: மேற்குக் கொங்கில் கால்பந்து ஆதரவு – ஒரு மாத்திரை ஆய்வு

கல்லூரி ஒன்றில் இரண்டு நாள் கருத்தரங்கு. சங்க காலத்துப் பெண்கள் ஆடிய பந்தில் தொடங்கிய பேச்சாளர், நாற்பது நிமிடத்தில் இன்றைய கால்பந்துக்கு வந்துசேர்ந்தார். உலகக் கோப்பையே நம் வீட்டுப் பாத்திரம்தான் என்று சொல்லும் இடத்தை அவர் நெருங்கியபோது மணி இரண்டு. கீழே சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. பந்துக்கும் பந்திக்கும் வேர்ச்சொல் உறவு உண்டா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டிருந்தால் அதற்கும் இருபது நிமிடம் வைத்திருப்பார். பசியோடு வீடு திரும்பிய அன்றே இந்த ஆய்வைத் தொடங்கிவிட்டேன். கைவசம் இருந்த தரவு ஒரே ஒரு மாமா.

ஆய்வுப் பொருள்

தொண்டாமுத்தூரில் பாக்கும் தென்னையும் வைத்திருக்கும் என் தாய்மாமன், சென்னை சிட்டி எஃப்.சி. என்னும் கால்பந்து அணியின் ஆயுள்கால ஆதரவாளர். இந்த வாக்கியத்தில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஒன்று 'சென்னை'. மற்றது 'ஆயுள்'.

2016 டிசம்பரில் ஐ-லீக்கில் இடம் பெற்ற இந்த அணி, தன் சொந்த மைதானமாகக் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தை எடுத்துக்கொண்டது. அதே 2016இல் தமிழ்நாடு பிரிமியர் லீக் கிரிக்கெட்டுக்காகப் பிறந்த கோவை கிங்ஸ், முதல் சில ஆண்டுகளைச் சேப்பாக்கம், நத்தம், திருநெல்வேலி என்று வெளியூரிலேயே கழித்தது. ஆக, கோவை என்று பெயர் வைத்தவர்கள் வெளியூரில் ஆட, சென்னை என்று பெயர் வைத்தவர்கள் கோவையில் ஆடினார்கள். முரணாகத் தெரியவில்லையா என்று கேட்டதற்கு மாமா சொன்னது: "பட்டா யாரு பேர்ல இருந்தா என்னங் மாப்ள, உழுகறது நம்ம காட்டுலதானே." (வாய்மொழி, டீக்கடை பெஞ்சு.)

அடுத்தது ஆயுள். அணியின் கோவை வாழ்க்கை ஐந்து ஆண்டைத் தொடவில்லை. மாமாவுக்கு அறுபதை ஒட்டிய வயது, பல் எல்லாம் இருக்கிறது, கரும்பு கடிக்கிறார். 'ஆயுள்கால ஆதரவு' என்னும் தொடரில் யாருடைய ஆயுள் என்பது தொக்கி நிற்கிறது. இதை விரித்துக் காட்டுவது இலக்கண ஆசிரியர்களின் கடமை. அவர்களோ சந்திப்பிழை திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஊர்ப் பெயர்க்காரணம்

இந்தத் துறைக்குள் இறங்கியவர் எவரும் நண்பர்களோடு கரையேறியதில்லை, விட்டுவிடுகிறேன்.

முன்னோர் ஆய்வுகள்

எதையும் படிக்கவில்லை. படிக்காமல் மறுப்பது துறையின் மரபு என்பதால் அனைத்தையும் மறுக்கிறேன்.

மாத்திரைக் கணக்கு

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரைக்கு அளவு என்று தொல்காப்பியம் சொல்லிவைத்துப் போய்விட்டது. இதைச் செய்யுளில் பயன்படுத்தித் தேய்த்தார்களே தவிர, ஸ்டேடியத்தில் பயன்படுத்திப் பார்த்த ஒருவரும் இல்லை.

நேரு ஸ்டேடியம் கேலரியில், வெயில் காய்ந்த சிமென்ட் படியில், எங்களுக்கு முன்வரிசையில் இருந்த வெளியூர் இளைஞர் ஒருவர் "அடிடா" என்று கத்தினார். அதே கணத்தில் மாமா "அடிங்" என்றார். கொங்குக்காரர் எதிரியையும் பன்மையில் விளிப்பவர், மரியாதையால் நேரத்தை வீணாக்குபவர் என்பது பொதுக்கருத்து. கணக்குப் பார்ப்போம். அடிடா: அ ஒன்று, டி ஒன்று, டா இரண்டு, ஆக நான்கு மாத்திரை. அடிங்: அ ஒன்று, டி ஒன்று, ங் அரை, ஆக இரண்டரை. மரியாதை ஒன்றரை மாத்திரை முந்துகிறது! 'அடிங்க' என்று முழுசாகச் சொல்பவர்கூட மூன்றரையில் முடித்துவிடுகிறார். இன்னொன்று: 'ஷூட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் இரண்டரைதான். ஆகவே மான்செஸ்டர்காரருக்கும் தொண்டாமுத்தூர்க்காரருக்கும் வேகத்தில் அணுவளவும் வேறுபாடு இல்லை. மரியாதையில்தான் நாம் முன்னே நிற்கிறோம்.

'ஓடுடா' ஐந்து, 'ஓடுங்' மூன்றரை. இங்கும் அதே ஒன்றரை மிச்சம். இந்த ஒன்றரையைக் 'கொங்கு மாறிலி' என்று பெயரிட்டு என் பெயரைக் கீழே போட்டுக்கொள்கிறேன்.

ஆனால் வசைக்கு வரும்போது கணக்குத் தலைகீழாகிறது. நடுவரை நோக்கி முன்வரிசை இளைஞர் சொன்னது "டேய் குருடா": ஆறரை மாத்திரை. மாமா சொன்னது "கண்ணு தெரியலீங்களா": பதினொன்று. கைநொடித்துச் சரிபார்த்தோம். பதினோரு நொடிப்பு முடிவதற்குள் நடுவர் மறுபக்கக் கோலுக்குப் போய்விட்டார். வசை வெறும் புல்லின் மேல் விழுந்தது. உற்சாகப்படுத்துவதில் விரைவு, திட்டுவதில் தாமதம் என்னும் இந்தப் பண்பைத் தனியொரு பல்கலைக்கழகத் துறையே ஆராயலாம். இருக்கை ஒன்றை நிறுவினால் உட்கார மாமா தயார். சிமென்ட் படி முதுகைப் பிடிக்கிறதாம்.

விளியில் இன்னும் ஆழம். அணியின் முன்கள வீரர் பெத்ரோ மான்சி ஸ்பெயினிலிருந்து வந்தவர், 2018இல் வயது முப்பது. மாமா அவரை முதல் நாளிலிருந்தே "மான்சிங்ணா" என்றுதான் அழைத்தார். தன்னைவிடக் கால் நூற்றாண்டு இளையவரை அண்ணன் ஆக்கும் இந்த வழக்கை, வயது, உறவு, ஊர் ஆகிய மூன்றையும் கடந்த 'வியப்பு அண்ணா' என வகைப்படுத்துகிறேன். பஸ் கண்டக்டரிடம் நாம் சொல்லும் அண்ணா 'சில்லறை அண்ணா'. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்படும் வட்டார வழக்கு அகராதிகள் ஏராளம். நிற்க. மான்சிங்ணா ஆறு மாத்திரை, அடிங் இரண்டரை, கூட்டினால் எட்டரை.

இந்த எட்டரையைக் களத்தில் சோதிக்கும் வாய்ப்பு 2019 மார்ச் 9, சனிக்கிழமை கிடைத்தது. லீக்கின் கடைசி நாள். நாங்கள் முதலிடம், ஒரே ஒரு புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே எதிரே நின்றது முந்தைய ஆண்டின் சாம்பியன் மினர்வா பஞ்சாப். ஆட்டம் தொடங்கி மூன்றாம் நிமிடம், வாங்கிய கடலையின் பொட்டலம்கூடப் பிரியவில்லை, அவர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். முதல் பாதி முழுக்க மாமா பேசவில்லை. பேசாததற்கு மாத்திரை கிடையாது. இரண்டாம் பாதியில் பெனால்டி. மான்சி பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தார். மாமா எழுந்தார். "மான்சிங்..." என்று அவர் தொடங்கி 'ணா' வருவதற்குள் பந்து வலைக்குள். நாலு மாத்திரை! பாக்கி நாலரையை மாமா என்ன செய்தார் என்கிறீர்களா? பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டு அவர் தோளில் சொல்லி முடித்தார்.

பிறகு அசாம்காரரான கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர், இரண்டு கோல் போட்டார்; இரண்டாவது கோல் கூடுதல் நேரத்தில். மூன்றுக்கு ஒன்று. ஈஸ்ட் பெங்காலும் அங்கே ஜெயித்தது, ஆனால் ஒரு புள்ளி குறைவாகவே நின்றது. எங்களுக்கு 20 ஆட்டத்தில் 43 புள்ளி. ஐ-லீக் கோப்பை தமிழ்நாட்டு அணியிடம் வந்தது அதுவே முதல் முறை. அதற்கு முந்தைய பருவத்தில் இதே அணி பத்து அணிகளில் எட்டாவது. இடையில் நடந்தது என்ன என்று கேட்டால், அறிந்தவர்கள் சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸையும், அவர் நம்பிய சிறு பாஸ் ஆட்டத்தையும், ஸ்பெயினிலிருந்து வந்த நால்வரையும் சொல்வார்கள். நான் மாத்திரையைச் சொல்கிறேன்.

மூலச் சுவடி

இவ்வாய்வின் முதன்மைச் சான்று மாமாவின் நீளவாக்குக் கணக்கு நோட்டு (அட்டை பழுப்பு, முதுகில் இன்சுலேஷன் டேப், ஏழாம் பக்கத்தில் பாக்குக் கறை, பன்னிரண்டாம் பக்கத்தைப் பல்லி நடந்து அழித்திருக்கிறது). இடப்பக்கம் தேங்காய்க் கணக்கு, வலப்பக்கம் ஆட்ட முடிவு. நடுவில் ஒரு கோடு. மாமா வெயிலில் எழுதுபவர். கோடு கோணிக்கொண்டே போகிறது. ஆகவே சில எண்கள் எந்தப் பக்கத்துக்குச் சேரும் என்பதில் பாட வேறுபாடு எழுகிறது.

எடுத்துக்காட்டாக, '8'. எட்டாம் இடமா, வண்டு விழுந்த தென்னை எட்டா? இரண்டும் துக்கமே என்பதால் பொருள் மாறுவதில்லை. '43' என்பது புள்ளி எனக் கொள்வாரும், ஏறிய மரம் எனக் கொள்வாரும் உளர். (கொள்வார் நான்; கொள்ளாதவரும் நான், வேறொரு நாளில்.) உச்சகட்டச் சிக்கல் '21'. அந்தப் பருவத்தில் மான்சி போட்ட கோல் 21. சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21. எனவே லீக்கின் அதிகபட்சக் கோல் கணக்கு இருவருக்கும் பொது. நோட்டில் '21' என்பதன் முன்னால் 'ம' என்று ஓர் எழுத்து மட்டும் தெரிகிறது. அடுத்த எழுத்தின் மேல் டீ டம்ளர் வைத்த வட்டம். 'மான்சி 21' என்பது என் பாடம். 'மட்டை 21' என்பது மறுதரப்பின் பாடம். கால் எழுத்து டம்ளர் வட்டத்துக்குள் மறைந்திருப்பதாக நான் மூன்று பக்கம் எழுதினேன். அந்த டம்ளரையும் தேடிக் கண்டுபிடித்து விட்டம் அளந்தேன் (எவர்சில்வர், அடியில் அத்தையின் கல்யாண வருஷம் பொறித்தது, பிற்சேர்க்கை காண்க, பிற்சேர்க்கை கழுவப் போயிருக்கிறது).

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "ஏங்கண்ணு, அவரு அங்கதான மோட்டார் ரூம்ல இருக்கறாரு, அவரையே கேட்டா ஆச்சு" என்றார். ஆசிரியர் உயிரோடிருக்கும்போது அவரிடமே பொருள் கேட்பது ஆய்வு நெறிக்குப் புறம்பானது என்று விளக்கினேன். அப்படிக் கேட்கத் தொடங்கினால் எத்தனை முனைவர் பட்டங்களைத் திருப்பித் தர வேண்டியிருக்கும்! இருந்தாலும் மனசு கேட்காமல் போய்க் கேட்டேன். மாமா கண்ணாடியை ஏற்றி நோட்டைப் பார்த்தார். "ரெண்டுந்தான் மாப்ள" என்றார்.

பாசல்

2019இல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் இந்த அணியின் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. செய்தி கேட்டு ஊரே வியந்தது, நான் வியக்கவில்லை. 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது பாசல் மிஷன். மங்களூர் ஓடு கொங்கு நாடெங்கும் பரவியது. மாமாவின் தோட்டத்துச் சாளை ஓட்டுச் சாளை. ஆகவே பாசல் நகரம் ஒன்றரை நூற்றாண்டாக நம் தலைக்கு மேல் இருந்திருக்கிறது. சாளை 1990களில் கட்டியது, ஓடு உள்ளூர்ச் சூளையில் எடுத்தது என்று மாமா குறுக்கே சொன்னார். இதைவிட மெல்லிய ஓட்டின் மேல் நின்றுகொண்டு கண்டங்களையே இணைத்தவர்களைப் பொன்னாடை போர்த்திப் பார்த்திருக்கிறேன். எனவே முடிவை மாற்றவில்லை.

2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்று: பஹ்ரைனின் ரிஃபாவிடம் 1-0 தோல்வி. நோட்டில் 'கடல் தாண்டி ஒன்று'.

ஏற்றமும் கவலையும்

மோட்டார் வருவதற்கு முன் கிணற்றுத் தண்ணீரை மேலே எடுக்க நம்மிடம் இரண்டு வழி: ஏற்றம், கவலை. ஆதரவாளரின் வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன மொழி வேறு இருந்தால் தெரிவிக்கவும். கவலையில் மாடுகள் சரிவில் கீழே இறங்கினால்தான் சால் மேலே வரும். மாடு திரும்ப மேலே ஏறினால் சால் கிணற்றுக்குள் போய்விடும். அணி மேலே போன ஆண்டில் மாமா சின்ன வெங்காயத்தில் நட்டப்பட்டார். வெங்காயம் காசு பார்த்த ஆண்டில் மான்சி ஜப்பானின் நிகாட்டா அணிக்குப் போய்விட்டார். அந்தப் பருவமும் 2020 மார்ச்சில் கரோனாவால் பாதியில் நின்றது. பட்டத்தை மோகன் பகானுக்குக் கொடுத்தார்கள். வெங்காயத்துக்கும் லீக் பட்டியலுக்கும் உள்ள தொடர்பை நிறுவ இன்னும் இரண்டு ஆண்டு நிதி வேண்டும். ஆய்விதழ்க்காரர்களோ பக்கத்துக்கு இவ்வளவு என்று என்னிடம் நிதி கேட்கிறார்கள். பன்னாட்டுத் தரக் குறியீட்டெண் இருக்கிறதாம்.

இறுதித் தரவு

2021ஆம் ஆண்டின் தொடக்கம். கரோனா காரணமாக ஐ-லீக் மொத்தமும் மேற்கு வங்கத்திலேயே நடந்தது. நேரு ஸ்டேடியத்தில் ஒன்றும் இல்லை. மோட்டார் ரூம் வாசலில், யானை வருவதைப் பார்க்கப் போட்ட கட்டிலில் உட்கார்ந்து மாமா செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்குத் தோப்புக்குள் சிக்னல் ஒரு கோடு. நம் ஆள் ஒருவர் பந்தோடு பெட்டிக்குள் நுழைந்தார். "அடிங்" என்றார் மாமா, மெதுவாக, பக்கத்தில் யாரும் இல்லாததுபோல. படம் நின்றுவிட்டது. வீரரின் கால் காற்றில், பந்து தரையில். நான் கைநொடித்து எண்ணினேன். நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை. படம் திரும்பி வந்தபோது எதிரணி பந்தை நடுவே கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அடித்தாரா, தவறியதா, தெரியவில்லை.

2021-22 பருவத்தில் சென்னை சிட்டி ஐ-லீக்கில் இல்லை.

நோட்டு இப்போது மூன்றாவது தொகுதி. இடப்பக்கத்தில் காய், மட்டை, ஏறுகூலி எல்லாம் தேதிவாரியாக இருக்கிறது. வலப்பக்கம் காலி. ஒவ்வொரு பக்கத்திலும் நடுக்கோட்டை மட்டும் மாமா இன்னும் போட்டுக்கொண்டு வருகிறார், அடிக்கட்டை வைத்து, கோணாமல்.