அரிமாவுக்கு ஒரு கட்டம்

எந்த ஊர் அரிமா (லயன்ஸ்) சங்கத்துக்குப் போனாலும் முன்னாள் மாவட்ட ஆளுநர் ஒருவர் இருப்பார். ஆளுநர் பதவிக்கு ஆயுள் ஒரே ஆண்டு. சங்கத்தின் ஒரு உலக மாநாட்டோடு பிறந்து, அடுத்த மாநாட்டோடு முடிந்துவிடும். 'முன்னாள்' பதவிக்கு முடிவே கிடையாது. அதனால்தான் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'பாஸ்ட் டிஸ்ட்ரிக்ட் கவர்னர்' என்பதைச் சுருக்கி 'பி.டி.ஜி. சார்' என்பார்கள். கோட்டில் துணி தெரியாத அளவுக்குப் பின்கள். பெயருக்குப் பின்னால் எம்.ஜே.எஃப்.; சங்கத்தின் உலக அறக்கட்டளைக்கு ஆயிரம் டாலர் கொடுத்ததற்கான அடையாளம்.

அந்த எழுத்துகளில் ஒளிந்திருக்கும் மெல்வின் ஜோன்ஸ் சிகாகோவில் இன்ஷூரன்ஸ் தொழில் பார்த்தவர். 'வியாபாரிகள் கூடினால் வியாபாரத்தை மட்டுந்தான் பேச வேண்டுமா, ஊருக்கும் ஏதாவது செய்யக்கூடாதா' என்று அவருக்குத் தோன்றியதில் 1917-ல் சங்கம் பிறந்தது. 1956-ல் அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. சேவை அவர்கள் கொடுத்தது. மேடை, பொன்னாடை, நினைவுப் பரிசு மூன்றும் நாம் சேர்த்தது.

பி.டி.ஜி. சாரின் காலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் விடியும். சங்கத்துக்கு ஒரு குரூப், வட்டாரத்துக்கு ஒன்று, மண்டலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று. மாவட்ட நிர்வாகிகளுக்கு மட்டும் ஒன்று. அதே நிர்வாகிகள், இப்போதைய ஆளுநரை மட்டும் விட்டுவிட்டு, இன்னொன்று. எல்லாவற்றிலும் பிறந்தநாள், திருமண நாள் வாழ்த்துகள் அவர் பொறுப்பு. ரோஜாப்பூ படம், அதைவிடப் பெரிதாக அவர் படம். வாழ்த்தப்படுபவரின் முகத்தை ரோஜாவுக்குப் பின்னால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பதிலுக்கு வரும் கும்பிடுகளுக்கு நடுவே, 'ஜி.எச்.சில் ஓ நெகட்டிவ் அவசரம்' என்று யாராவது போட்டிருப்பார்கள். அடுத்த பதிவு 'இனிய மணநாள் நல்வாழ்த்துகள்'.

2020 ஜூலையில் ஊரடங்கு. பதவியேற்பு விழா ஜூமுக்குப் போனது. கூட்டத்தை மணியடித்துத் தொடங்குவது மரபு. சங்கத்தின் மணி பூட்டிய மண்டபத்துக்குள் இருந்ததால், சங்கத்தின் உடைமைகளைப் பார்த்துக்கொள்ளும் லயன் டேமர் தன் வீட்டுப் பூஜை மணியை அடித்தார். அடுப்படியில் இருந்த அவர் அம்மா கற்பூரத் தட்டோடு ஓடிவந்து, போனில் தெரிந்த ஆளுநருக்கே ஆரத்தி காட்டிவிட்டுப் போனார்.

பிறகு வரவேற்புரை. யார் பெயருக்குப் பின் யார் பெயர் என்பதற்குப் புரோட்டோகால் உண்டு. ஒரு பெயர் முன்பின்னாகிவிட்டால் சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் முகம் இறுகியே இருக்கும். விளித்து முடிக்கவே முப்பத்தைந்து நிமிடம் ஆனது. புதுத் தலைவர் வலது கையை உயர்த்தி 'நான்' என்று தொடங்கினார். இலவசக் கணக்கின் நாற்பது நிமிடமும் முடிந்து, அத்தனை பேரும் வெளியே தள்ளப்பட்டார்கள்.

ஐந்து நிமிடத்தில் எல்லாரும் திரும்பி வந்தார்கள். "விட்ட இடத்திலிருந்து தொடரலாங்களா?" என்றார் செயலாளர்.

"அதெப்படி? புதுக் கூட்டம்னா முறைப்படி முதல்லேர்ந்து விளிக்கணும்" என்றார் பி.டி.ஜி. சார்.

அவருடைய உண்மையான துயரம் வேறு. மண்டபத்தில் அவருக்கு என்று ஒரு நாற்காலி உண்டு. ஜூமில் எல்லாருக்கும் ஒரே அளவுக் கட்டம். போன மாதம் சேர்ந்த ஹார்டுவேர்க் கடைக்காரரும் அவரும் பரமபத அட்டையில் அக்கம்பக்கமாக நிற்கும் காய்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். பெயர் போடும் இடத்தில் தன் பட்டங்கள் எல்லாவற்றையும் வரிசையாக அடித்துப் பார்த்தார். திரையில் பட்டங்கள் மட்டும் நின்றன. பெயர் வருவதற்குள் இடம் தீர்ந்துவிட்டது.

விழா முடிந்த கையோடு செயலாளருக்குப் போன். "என்னப்பா, நான் ரெண்டாம் பக்கத்துல கெடக்கேனாம். மச்சான் பாத்துட்டுச் சொல்றாரு."

"அது நாங்க போடுறது இல்லீங்க பி.டி.ஜி. சார். ஒவ்வொருத்தர் போன்லயும் வரிசை வேற வேறயா வரும்."

"அப்ப உன் போன்ல யாரு முதல்ல?"

"என் போன்ல நான்தாங்க."

"என் போன்ல?"

"நீங்கதான் சார்!"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இதை மாசாமாசம் வச்சா என்ன?" என்றார். அத்தனை வருடங்கள் மேடை போட்டும் சங்கத்தால் கொடுக்க முடியாததை ஜூம் கொடுத்துவிட்டது: எல்லாருக்கும் முதல் இடம்.

அவரை வெறும் நாற்காலிப் பிரியர் என்று ஒதுக்கிவிட முடியாது. 2021-ல் இரண்டாம் அலை வந்தபோது, ஆக்ஸிஜன் கேட்டு வந்த ஒரு பதிவைக்கூட அவர் ரோஜாப்பூவுக்கு அடியில் புதைய விடவில்லை. குரூப்பை 'அட்மின் மட்டும்' என்று மாற்றி, பிறந்தநாட்களை எல்லாம் ரத்து செய்தார். எந்த மாவட்டத்து முன்னாளுக்கு எந்த ஆலை முதலாளியைத் தெரியும் என்பது அவருக்கு மனப்பாடம்; நடுராத்திரியில் அவர் எழுப்பாத ஆள் இல்லை. சிலிண்டர் வந்து இறங்கியதும் அதைத் தொட்டபடி நின்று படம் போட்டார்தான். அந்தச் சிலிண்டர் நிஜம். அதை எதிர்பார்த்துக் கிடந்தவருக்கு, படத்தில் யார் நடுவில் நின்றால் என்ன?

இப்போது கூட்டம் மறுபடி மண்டபத்தில். வெளியூர் உறுப்பினர்களுக்காக ஜூமும் உண்டு. பி.டி.ஜி. சார் இரண்டையும் விடுவதாக இல்லை. மேடையில் நடு நாற்காலியில் உட்கார்ந்து, அதே கூட்டத்துக்குப் போன் வழியாகவும் உள்ளே வந்துவிடுகிறார். போனமுறை அவர் 'அரிமாக்களே' என்றதும் போன் 'அரிமாக்களே' என்றது. அதைக் கேட்டு ஒலிபெருக்கி ஊளையிட்டது. விடாமல் கடைசிவரை பேசினார்.

சங்கத்தில் அபராதம் வாங்குவதற்கென்றே டெயில் ட்விஸ்டர் என்று ஒருவர் உண்டு. கழுத்துப் பட்டை கோணினாலும் தண்டம். அந்தக் காசு சங்கக் கணக்குக்கு. அவர் எழுந்து, மைக்கை அலறவிட்டதற்கு ஐம்பது ரூபாய் என்று அறிவித்தார். பி.டி.ஜி. சார் கோபித்துக்கொள்ளவில்லை. நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டி, கையை அப்படியே நிறுத்திக்கொண்டு செயலாளரைப் பார்த்தார்:

"போட்டோ எடுத்தாச்சா?"