அம்மாவின் முழங்காலும் ராஜகிரிக் கோட்டையும்

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து, வீட்டில் பயிற்சி செய்கிறார். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று காட்டும் சென்சார் உறை வாங்கலாமா? மறுபடி ராஜகிரி ஏற ஆசைப்படுகிறார்.
- ஒரு வாசகர், செஞ்சி

பதில்: ராஜகிரி சுமார் 800 அடி. அம்மா முதலில் பிடிக்க வேண்டிய கோட்டை, உங்கள் வீட்டு வாசற்படி! சமதரையில் நடக்க முழங்கால் 60 டிகிரிக்குச் சற்று மேல் மடங்கினால் போதும். படியேறவும் நாற்காலியிலிருந்து எழவும் 90-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வேண்டும்.

உறையில் தொடைப்பக்கம் ஒரு சென்சார், கெண்டைக்கால் பக்கம் ஒன்று. இரண்டின் சாய்வுக்கும் உள்ள வித்தியாசமே மூட்டின் கோணம். செல்போனைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதே வகைச் சில்லுதான். சில உறைகளில் இழுபட்டால் மின்தடை மாறும் நூலையே துணியில் சேர்த்திருப்பார்கள். உறை கொஞ்சம் நழுவினாலும் கணக்கு பிசகும்.

'எல்லாம் மடக்கிட்டேன்டா' என்று அம்மா சொன்னால் மகன் நம்பிவிடுவான், உறை நம்பாது. அதுவே அதன் பெரிய பலம். ஆனாலும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது, இலவசமாக. வருபவரின் கோணமானியே கோணத்தைச் சரியாகச் சொல்லிவிடும். அவர் வராத நாட்களுக்கு உறை தேவையா என்று அவரிடமே கேளுங்கள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உறையைப் பார்த்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். மலை விஷயத்தையும் அவரே முடிவு செய்யட்டும்; ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்காலுக்குப் பாரம் அதிகம்.